அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களின் கடிதங்கள் எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தன

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 ஏப்ரலில் தொடங்கி 1865 வரை நான்கு ஆண்டுகள் நடந்தது. சொந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டியிராத உழவர் பிள்ளைகளும் கைவினைஞர்களும் கடைச் சிப்பந்திகளும் இலட்சக்கணக்கில் அதில் சீருடை அணிந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. வடக்கின் ஒன்றியப் படையிலிருந்த வெள்ளையர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும், தெற்கின் கூட்டமைப்புப் படையில் பத்தில் எட்டுப் பேருக்கும் எழுத்தறிவு இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அதற்கு முன் நடந்த போர்களில் கடிதம் எழுதியவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளே. சாதாரணச் சிப்பாய் என்ன நினைத்தான் என்பதை அவனுடைய அதிகாரி எழுதிவைத்ததிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருந்தது. இந்தப் போரிலோ சிப்பாயே தன் கையால் எழுதினான், அதுவும் ஓயாமல் எழுதினான். கிழக்குப் போர்முனையின் படைகளிலிருந்து வாஷிங்டன் வழியாக மட்டும் நாளொன்றுக்கு 45,000 கடிதங்கள் சென்றதாகவும், மேற்குப் படைகளின் கடிதங்கள் லூயிவில் நகர் வழியாக அதைப்போல் இருமடங்கு சென்றதாகவும் அக்காலத்துப் பார்வையாளர் ஒருவர் கணக்கிட்டார்.

இந்தக் கடிதங்களுக்கு இன்னொரு தனிச்சிறப்பும் உண்டு. அவற்றை எந்த அதிகாரியும் பிரித்துப் படிக்கவில்லை. முதல் உலகப் போரில் சிப்பாயின் கடிதங்கள் தணிக்கைக்கு உட்பட்டே வீடு சேர்ந்தன; 1861 முதல் 1865 வரையிலான அமெரிக்கப் படைகளில் அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை. ஆகவே படை நகர்வுகள், தளபதியின் மீதான வசவு, போரின் நோக்கத்தைப் பற்றிய ஐயம், ஓடிப்போனவர்களின் எண்ணிக்கை என எல்லாமே அவற்றில் இடம்பெற்றன. இதனால் அவை ஒளிவுமறைவற்ற சாட்சியங்கள் என்று பலரும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதில் பாதிதான் சரி. அரசு தணிக்கை செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் எழுதியவனின் தயக்கம், படித்த வீட்டாரின் கூச்சம், எதைப் பாதுகாப்பது எதை எரிப்பது என்று முடிவு செய்த பல கைகள், இவை எல்லாவற்றையும் கடந்து எஞ்சியவையே இன்று ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. ஒரு கடிதம் என்ன சொல்கிறது என்று கேட்கும்போதே, அது ஏன் அழியாமல் இருந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

முதலில் தபால் எப்படி நடந்தது என்பதைப் பார்க்கலாம். வடக்கில் அரை அவுன்ஸ் எடைக்குள் இருந்த கடிதத்துக்கு 3 சென்ட் கட்டணம். ஒன்றியப் படையின் சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர் என்பதால் இது பெரிய தொகையன்று. ஆனால் சம்பளம் மாதக்கணக்கில் தாமதமானது, அஞ்சல்தலை கிடைப்பது அரிதாக இருந்தது, கிடைத்த தலைகளும் மழையிலும் வியர்வையிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எனவே 1861 ஜூலை 22 அன்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, உறையின் மேல் சிப்பாயின் கடிதம் என்று குறித்து, உரிய அதிகாரியின் கையொப்பம் பெற்றுவிட்டால், தலை ஒட்டாமலே கடிதத்தை அனுப்பலாம். கட்டணத்தைப் பெறுபவர் செலுத்திக்கொள்வார். மகனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றால் 3 சென்ட் கொடுக்க மறுக்கும் தாய் எவரும் இருக்கமாட்டார் என்று சட்டம் இயற்றியவர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டில் நாணயத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அஞ்சல்தலைகளே சில்லறைக் காசாகப் புழங்கத் தொடங்கின. கடிதத்தில் ஒட்ட வேண்டிய தலை கடைக்காரரின் பெட்டிக்குப் போனது. முகாம்களில் கடிதங்களைச் சேகரித்து அனுப்பும் வேலை பெரும்பாலும் படைப் பாதிரியாரிடமோ அதற்கென நியமிக்கப்பட்ட ஒரு சிப்பாயிடமோ இருந்தது. கிறித்தவ ஆணையம், சுகாதார ஆணையம் ஆகிய தொண்டு அமைப்புகள் தாளும் உறையும் இலவசமாக வழங்கின.

இந்தப் போர் அமெரிக்கத் தபால் துறையையே மாற்றியமைத்தது. 1863 ஜூலை 1 வரை நகரவாசிகள் தபால் நிலையத்துக்கு நேரில் சென்றே கடிதங்களைப் பெற வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து தர வேண்டுமானால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். அந்த நாளில்தான் தபால் துறைத் தலைவர் மாண்ட்கொமரி பிளேயரின் தலைமையில் 49 நகரங்களில் கட்டணமில்லா வீட்டு விநியோகம் தொடங்கியது. போர்முனைச் செய்திக்காகக் கிளீவ்லாந்து நகரில் குளிரில் வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்துத்தான் ஜோசப் பிரிக்ஸ் என்ற தபால் ஊழியருக்கு இந்த எண்ணம் உதித்தது என்ற கதை பிற்காலத்தில் நிலைத்துவிட்டது. கதையில் எவ்வளவு அலங்காரம் சேர்ந்திருந்தாலும், போர் நடுவில் அந்த வரிசைகள் நீண்டிருந்தன என்பதை நம்புவது கடினமன்று. மணியார்டர் முறையும் இந்தப் போரின் பிள்ளைதான். சிப்பாய்கள் சம்பள நோட்டுகளை உறையில் மடித்து அனுப்பி, அவை வழியில் களவுபோவது பெருகியதால், 1864 நவம்பர் 1 முதல் தபால் நிலையங்களின் வழியே பணம் அனுப்பும் வசதி வந்தது.

தெற்கின் நிலை வேறு. கூட்டமைப்பின் தபால் துறை ஜான் ரேகனின் தலைமையில் 1861 ஜூன் 1 அன்று இயங்கத் தொடங்கியது. அவர்களுடைய அரசியலமைப்பு, 1863 மார்ச் முதல் தபால் துறை தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்று விதித்திருந்தது. போர் நடத்தும் நாட்டுக்கு இதைவிட விசித்திரமான நிபந்தனையைக் காண்பது அரிது. ஐந்து சென்ட்டில் தொடங்கிய கட்டணம் 1862 ஜூலை முதல் எங்கும் பத்து சென்ட் ஆனது. விக்ஸ்பர்க் கோட்டை 1863 ஜூலை 4 அன்று வீழ்ந்து மிசிசிப்பி ஆறு முழுவதும் வடக்கின் வசமான பிறகு, ஆற்றைக் கடந்து சென்ற விரைவுத் தபாலுக்கு அரை அவுன்ஸுக்கு 40 சென்ட் வாங்கினார்கள்.

கடற்கரை முற்றுகையால் தெற்கில் தாளுக்கும் பஞ்சம் வந்தது. வந்த கடிதத்தின் உறையைப் பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பி ஒட்டி மறுபடி பயன்படுத்தினார்கள். சுவர்களில் ஒட்டும் பூத்தாள்களிலிருந்து உறைகள் செய்தார்கள். ஒரு தாளை எழுதி முடித்த பிறகு அதைக் குறுக்காகத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே மறுபடி எழுதும் பழக்கம் இரு தரப்பிலும் இருந்தது. இன்று அவற்றைப் படித்தெடுக்கும் ஆய்வாளர்களின் கண்களை வாட்டுவது இந்தச் சிக்கனம்தான். போர்க் கைதிகள் எழுதியவை மட்டும் தனி வகை. சமாதானக் கொடியின் கீழ்ப் படகில் பரிமாறப்பட்ட அக்கடிதங்கள் ஒரு பக்கத்துக்கு மிகாமல், குடும்பச் செய்திகளோடு நிற்க வேண்டும். அவற்றை எதிர்த்தரப்பு அதிகாரிகள் படித்துப் பார்த்தார்கள்.

இனி, கடிதங்களுக்குள் என்ன இருந்தது என்ற கேள்விக்கு வரலாம். "கையில் பேனாவை எடுத்து இந்தச் சில வரிகளை எழுதுகிறேன், நான் நலமாக இருக்கிறேன், இக்கடிதம் உங்களையும் அவ்வாறே காணும் என நம்புகிறேன்" என்பது ஆயிரக்கணக்கான கடிதங்களின் தொடக்கம். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கிய நம் தலைமுறைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாய்பாடு என்று இதை ஒதுக்குவது எளிது. ஆனால் அந்த நலம் வெறும் உபசாரமாக இருக்கவில்லை. போரில் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது குண்டன்று, வயிற்றுப்போக்கும் டைபாய்டும் நிமோனியாவும் அம்மையும்தான். எழுதிய நாளில் நலமாக இருந்தான் என்பதே வீட்டாருக்குக் கிடைத்த முதன்மையான செய்தி, அதுவும் ஒரு வாரமோ ஒரு மாதமோ பழைய செய்தி.

அந்த முதல் வரிக்குப் பிறகு வருவது போர்க்களமாக இருப்பது குறைவு. வானிலை, உணவு, ஊர்க்காரர்களில் யார் மருத்துவமனையில் கிடக்கிறார்கள் என்ற விவரம், காலுறை அனுப்பு, வெண்ணெய் அனுப்பு, தலை ஒட்டிய உறை அனுப்பு என்ற வேண்டுகோள்கள், நீ ஏன் எழுதவில்லை என்ற மனத்தாங்கல். திருமணமானவர்களின் கடிதங்களில் பண்ணை நிர்வாகம் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது: எந்த வயலில் எதை விதைப்பது, எந்தக் கன்றை எந்த விலைக்கு விற்பது, எந்தக் கடனை முதலில் அடைப்பது. நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்து கணவன் அனுப்பும் இந்த ஆணைகள் 1861இல் விரிவாக இருக்கின்றன; ஆண்டுகள் செல்லச் செல்ல பல குடும்பங்களில் அவை சுருங்கி, "உனக்குச் சரியென்று படுவதைச் செய்" என்ற அளவில் நின்றுவிடுகின்றன. போர்க்களத்தைவிட இந்த மாற்றமே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

போரைப் பற்றி எழுதியபோதும், தாய்க்கு ஒரு விதமாகவும் தம்பிக்கு வேறு விதமாகவும் எழுதினார்கள். காரணம் எளிது. கடிதம் ஒருவருக்கு வந்தாலும் அது ஊருக்கு வந்ததாகவே கொள்ளப்பட்டது. அடுப்படியைச் சுற்றி உரக்கப் படிக்கப்பட்டது, அண்டை வீடுகளுக்குச் சென்றது, சில சமயம் உள்ளூர்ப் பத்திரிகையிலும் அச்சாயிற்று. இதை அறிந்தே சிப்பாய் எழுதினான். கோழைத்தனம், குடி, சூது, விலைமாதர் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் நண்பனுக்கு எழுதி, படித்ததும் எரித்துவிடச் சொன்னான். அந்த வேண்டுகோள் நிறைவேறிய கடிதங்கள் எதுவும் நம்மிடம் இல்லை என்பதை மறந்துவிடக்கூடாது.

இந்தப் போரின் கடிதங்களிலேயே மிகப் புகழ்பெற்றது ரோட் ஐலண்டைச் சேர்ந்த வழக்கறிஞரும் மேஜருமான சலிவன் பாலு தன் மனைவி சாராவுக்கு 1861 ஜூலை 14 அன்று எழுதியது. ஒரு வாரத்தில் புல் ரன் போரில் படுகாயமுற்று, அடுத்த சில நாட்களில் அவர் இறந்தார். அஞ்சலில் சேராத அக்கடிதம் பிறகு அவருடைய உடைமைகளில் கிடைத்தது. 1990இல் ஓர் ஆவணப்பட வரிசையில் ஒலித்த பிறகு அமெரிக்கர் பலருக்கு அது மனப்பாடம். அழகான கடிதம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் படித்த அதிகாரி ஒருவர் போரின் தொடக்க வாரங்களில், நாட்டுப்பற்றும் காதலும் ஒரே சொற்றொடரில் கலந்த நடையில் எழுதியது அது. அவர் கையால் எழுதிய மூலமும் இன்று இல்லை, பிரதிகளே உள்ளன. சராசரிச் சிப்பாயின் குரலைத் தேடுபவர் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியது இதைத்தான்.

அதற்கு மாறாக, நியூயார்க் மாநிலத்தின் உழவர் குடும்பமொன்றில் ஒன்பது பிள்ளைகளில் மூத்தவரான சாரா ரொசெட்டா வேக்மன் எழுதிய கடிதங்களைப் பார்க்கலாம். பத்தொன்பது வயதில் ஆணுடை அணிந்து வீட்டை விட்டுச் சென்ற அவர், சிறிது காலம் கால்வாய்ப் படகில் வேலை செய்தார். பிறகு 1862 ஆகஸ்ட் இறுதியில் லயன்ஸ் வேக்மன் என்ற பெயரில் 153ஆம் நியூயார்க் காலாட்படையில் சேர்ந்தார். சேர்வதற்குக் கிடைத்த ஊக்கத்தொகை 152 டாலர். அவருடைய கடிதங்களில் மிகுதியாக வருவது பணம்: எவ்வளவு அனுப்புகிறேன், கிடைத்ததா, அதில் அப்பாவின் கடனில் எவ்வளவு தீர்ந்தது, வீட்டிலுள்ளவர்களுக்கு உணவும் உடையும் வாங்குங்கள். வாஷிங்டனில் காவல் பணியில் இருந்தபோது, சிறையில் அடைக்கப்பட்டிருந்த பெண்களைப் பற்றி எழுதுகிறார். அவர்களில் ஒருத்தி ஆண் அதிகாரியாக வேடமிட்டுப் படை நடத்தியவள் என்றும் குறிப்பிடுகிறார். காவலுக்கு நின்றவரும் அதே குற்றத்தைச் செய்துகொண்டிருந்தவர்தான்.

சில கடிதங்களின் அடியில் ரொசெட்டா என்றே கையெழுத்திட்டிருக்கிறார். அதிகாரி பிரித்துப் படிக்கும் படையாக இருந்திருந்தால் முதல் கடிதத்திலேயே அவருடைய சிப்பாய் வாழ்க்கை முடிந்திருக்கும். தணிக்கையில்லாத தபால் எதை அனுமதித்தது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

1864 ஏப்ரலில் லூசியானாவின் பிளசன்ட் ஹில் போரில் அவர் பங்கேற்றார். சில நாட்களில் எழுதியதே எஞ்சியுள்ள கடைசிக் கடிதம். ஜூன் 19 அன்று நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனையில் தீராத வயிற்றுப்போக்கால் இறந்து, ஆண் பெயரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். குடும்பத்தின் பரணில் கிடந்த கடிதங்கள் நூலாக வந்தது 1994இல்தான். வீட்டை விட்டு ஓடி ஆணாக வாழ்ந்த மகளைப் பற்றி அந்தக் குடும்பம் வெளியில் பேசிக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் அவருடைய தாள்களை யாரும் எரிக்கவில்லை.

எழுத்தறிவு பற்றி முதலில் சொன்ன கணக்கு வெள்ளையர்களுக்கு மட்டுமே உரியது. அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவருக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதைத் தென் மாநிலங்கள் பலவும் தடைசெய்திருந்தன; ஒன்றியத்திலேயே நீடித்த மிசௌரி மாநிலத்திலும் 1847 முதல் அதற்குத் தடை இருந்தது. அந்த மிசௌரியில் அடிமையாக இருந்து எழுதக் கற்றுக்கொண்ட ஸ்பாட்ஸ்வுட் ரைஸ், 1864இல் ஒன்றியப் படையில் சேர்ந்தார். அடிமைகளை விடுவித்து அதிபர் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் ஒன்றியத்தை விட்டு விலகாத மாநிலங்களுக்குப் பொருந்தாது என்பதால், படையில் சேர்ந்த தந்தை சுதந்திரமானவர், அவருடைய மகள்களோ இன்னும் அடிமைகள். சிப்பாய்களின் மனைவி மக்களுக்கு விடுதலை தரும் சட்டம் 1865 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு மிசௌரியே அடிமைமுறையை ஒழித்துவிட்டிருந்தது.

1864 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் நகரின் பென்டன் படைமுகாம் மருத்துவமனையிலிருந்து ரைஸ் இரண்டு கடிதங்கள் எழுதினார். மகள்களுக்கு எழுதியது அதே பழைய வாய்பாட்டில், கையில் பேனாவை எடுத்து எழுதுகிறேன் என்றே தொடங்குகிறது. பிறகு, உங்களை நான் மறக்கவில்லை, என் உயிரே போனாலும் உங்களை மீட்பேன் என்று உறுதி கூறுகிறது. மற்றொன்று மகள் மேரியை உடைமையாக வைத்திருந்த கிட்டி டிக்ஸ் என்ற பெண்ணுக்கு. என் பிள்ளைகளை உன் சொத்து என்கிறாய், எனக்கு அப்படியில்லை. என் சொந்தக் குழந்தைக்கு விலையாக ஒருமுறை நாற்பது டாலர் தர முன்வந்தேன், நீ வாங்கிக்கொள்ளாதது நல்லதாயிற்று. இனி நாம் எங்கே சந்தித்தாலும் பகைவர்களே, நான் படையோடு வருகிறேன். ஏறக்குறைய இந்தப் பொருளில் அது செல்கிறது.

இந்த இரண்டும் நம்மிடம் இருப்பதற்குக் காரணம் மகள்கள் பத்திரப்படுத்தியதன்று. கிட்டி டிக்ஸின் உறவினரான எஃப். டபிள்யூ. டிக்ஸ் மிசௌரியின் கிளாஸ்கோ என்ற ஊரின் தபால் நிலையத் தலைவராக இருந்தார். சினமுற்ற அவர் இரு கடிதங்களையும் தம் புகாரோடு இணைத்து, இந்த ஆளை மாநிலத்தை விட்டே வெளியேற்ற வேண்டும் என்று தளபதி ரோஸ்கிரான்ஸுக்கு அனுப்பினார். புகார் படைக் கோப்பில் சேர்ந்தது. கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனது. ஒரு தந்தையின் குரலைக் காப்பாற்றியது அவருக்கு எதிராக எழுதப்பட்ட மனு. மேரி பின்னாளில் தந்தையோடு சேர்ந்து சுதந்திரமாக வாழ்ந்தார். 1937இல், எண்பது வயதைக் கடந்தவராகச் செயின்ட் லூயிஸில் ஓர் அரசுத் திட்டத்தின் நேர்காணலில் தன் தந்தையைப் பற்றிப் பேசினார்.

அரசுக் கோப்புகளின் வழியே கடிதங்கள் தப்பிப் பிழைத்ததற்கு இன்னொரு பெரிய வாயில் ஓய்வூதியம். 1862 ஜூலை 14 அன்று இயற்றப்பட்ட சட்டம், இறந்த சிப்பாயின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும், அவன் வருமானத்தை நம்பியிருந்த தாய்க்கும் உதவித்தொகை வழங்கியது. சாதாரணச் சிப்பாயின் குடும்பத்துக்கு மாதம் 8 டாலர். திருமணப் பதிவும் பிறப்புப் பதிவும் ஒழுங்காக இல்லாத காலத்தில், மகன் தன்னைத் தாங்கினான் என்று ஒரு தாய் எப்படி நிரூபிப்பாள்? அவன் எழுதிய கடிதங்களைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. மகனின் கையெழுத்து எஞ்சிய ஒரே தாள்களை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பிய தாய்மார்களுக்கு அவை திரும்ப வரவில்லை. இன்றும் அந்தக் கோப்புகளிலேயே இருக்கின்றன. இக்கோப்புகளை மட்டும் படிப்பவருக்கு ஒன்றியச் சிப்பாய் எந்நேரமும் பணத்தைப் பற்றியே நினைத்தவனாகத் தோன்றுவான். பணம் பேசாத கடிதத்தால் வழக்குக்குப் பயனில்லை, ஆகவே அது இணைக்கப்படவில்லை என்பதே அதன் விளக்கம்.

கறுப்பினச் சிப்பாய்களின் கடிதங்களில் பணத்தைப் பற்றிய பேச்சுக்கு வேறொரு கூர்மையும் உண்டு. அவர்களுக்கு அரசு தந்தது மாதம் 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். 54ஆம் மாசசூசெட்ஸ் படையினர் அந்தக் குறைந்த சம்பளத்தைத் தொட மறுத்தார்கள். 1864 ஜூனில் நாடாளுமன்றம் சம ஊதியம் ஏற்கும்வரை அவர்களுடைய வீடுகளுக்கு அனுப்பப் பணமே இருக்கவில்லை.

நாம் பெரும்பாலும் இழந்துவிட்டது இந்தக் கடிதப் போக்குவரத்தின் மறுபாதியை. சிப்பாய் எழுதியவை அலமாரியில் கிடந்தன. வீட்டிலிருந்து அவனுக்கு வந்தவை முதுகுப்பையில் நனைந்து, நெருப்பு மூட்டப் பயன்பட்டு, போருக்கு முந்தைய இரவில் அந்நியர் கையில் சிக்கக்கூடாதென்று எரிக்கப்பட்டு அழிந்தன. மனைவியர் எழுதியவற்றைக் கணவனின் பதிலிலிருந்துதான் உய்த்துணர வேண்டியிருக்கிறது. 1863க்குப் பிறகு தெற்கில் பசியையும் பயிர் அழிவையும் எழுதிய பெண்களின் கடிதங்களே ஆண்கள் படையை விட்டு ஓடக் காரணம் என்று பத்திரிகைகள் குறைகூறி, உற்சாகமாக எழுதுமாறு அவர்களுக்கு அறிவுரை சொன்னதும் அவற்றின் வலிமைக்குச் சான்று.

சிப்பாய் இறந்தால் வீட்டுக்குத் தெரிவிக்கும் முறையான ஏற்பாடு எந்த அரசிடமும் இல்லை. அடையாள வில்லைகள் கிடையாது. போருக்கு முன் பெயரையும் ஊரையும் தாளில் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டவர்கள் உண்டு. செய்தி சொல்லும் கடிதத்தைத் தோழனோ செவிலியோ பாதிரியாரோ எழுதினார்கள். நினைவோடு இருந்தான், தாயைப் பற்றிப் பேசினான், மன்னிப்புக் கேட்டு அமைதியாகப் போனான் என்று அவை ஏறக்குறைய ஒரே வரிசையில் செல்கின்றன. எல்லாரும் அப்படியே இறந்திருக்க முடியாது; வீட்டார் எதை அறிய ஏங்குவார்கள் என்பதை எழுதியவர் அறிந்திருந்தார். வாஷிங்டன் மருத்துவமனைகளில் கவிஞர் வால்ட் விட்மன், எழுத இயலாத சிப்பாய்களுக்காகக் கடிதம் எழுதித் தந்தார். அப்படி ஒன்று 2016இல் ஓய்வூதியக் கோப்பொன்றிலிருந்தே வெளிவந்தது. கடிதமே வராத குடும்பங்களுக்காக, போர்க்களச் செவிலியாகப் பணியாற்றிய கிளாரா பார்ட்டன் நடத்திய அலுவலகம் 1868 வரை 63,182 விசாரணைகளைப் பெற்று, 22,000 பேரின் கதியைக் கண்டறிந்தது.

போருக்குப் பிறகும் கடிதங்களின் மீது கைகள் பட்டுக்கொண்டே இருந்தன. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவற்றைப் படியெடுத்தபோது கெட்ட வார்த்தைகளை நீக்கினார்கள், எழுத்துப்பிழைகளைத் திருத்தினார்கள், சில சமயம் மூலத்தைத் தூக்கிப்போட்டார்கள். உச்சரித்தபடியே எழுதிய அந்தப் பிழைகளை வைத்துத்தான் மொழியியலாளர்கள் 1860களின் தெற்கத்திய மலைநாட்டு உழவர் எப்படிப் பேசினார் என்பதை இன்று மீட்டெடுக்கிறார்கள். ஒலிப்பதிவு இல்லாத அக்காலத்துக்கு அதைவிட நெருங்கிய சான்று வேறில்லை. எனவே இப்போது பதிப்பிக்கப்படும் தொகுப்புகளில் பெரும்பாலானவை, நிறுத்தற்குறியே இல்லாமல் ஓடும் வரிகளையும் மூன்று விதமாக எழுதப்பட்ட ஒரே ஊர்ப்பெயரையும் திருத்தாமல் அப்படியே அச்சிடுகின்றன.